இரண்டாம் அடுப்பு

(பத்தமடையில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஓர் அன்னையின் நினைவில் எழுந்த மேடையில் எதைப் பேசுவது என்று பல நாள் யோசித்தேன். இலக்கியம் பேசலாம், தாமிரபரணிக் கரை அதற்குப் பஞ்சமில்லாத கரை. சமயம் பேசலாம்; 1887ஆம் ஆண்டு இவ்வூரில் குப்புசாமியாகப் பிறந்து, மருத்துவம் பயின்று, மலேயா நாட்டில் நோயாளிகளுக்குத் தொண்டு செய்து, பின்னரே ரிஷிகேசம் சென்று சுவாமி சிவானந்தராக உலகறிய விளங்கிய பெரியாரின் ஊர் இது. ஆயினும், துறவு பூணுவதற்கு முன் அம்மகான் கைக்கொண்டது பிறருடைய உடற்பிணியைத் தீர்க்கும் தொழிலே என்பதை நினைத்தபோது, நம் அன்னையர் தம் வாழ்நாளில் எந்த இடத்தில் மிகுதியான நேரத்தைக் கழித்தார்களோ அந்த இடத்தைப் பற்றியும், அங்கே அவர்கள் சுவாசித்த காற்றைப் பற்றியும் பேசுவதே இம்மேடைக்குப் பொருத்தம் என்று துணிந்தேன். ஆகவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அடுப்புப் புகை. வீட்டுக்குள் பிறந்து, ஊர்க்காற்றில் கலந்து, யாருடையது என்று கேட்பாரின்றி எல்லோருடைய நெஞ்சிலும் குடிபுகும் புகை.

ஆச்சியின் அடுக்களை

முதலில் ஓர் அடுக்களையை உங்கள் முன் வைக்கிறேன். என் தாயைப் பெற்ற ஆச்சியின் வீடு இவ்வூரில், கன்னடியன் கால்வாய்க்குச் சிறிது தொலைவில் இருந்தது. இரண்டாம் கட்டைத் தாண்டியதும் அடுக்களை. கிழக்குச் சுவரில் ஒரு முழ அகலத்தில் ஒரே ஒரு சன்னல். எதிர்ச் சுவரை ஒட்டி, சாணமிட்டு மெழுகிய கொடியடுப்பு. பெரிய வாயில் சோற்றுப்பானை கொதிக்கும். அதன் அனல் உள்வழியே சென்று பக்கத்துச் சிறு வாயில் இருக்கும் குழம்புச்சட்டியைச் சூடேற்றும். எரிப்பது உடை விறகும் பனைமட்டையும். தீ மூட்டப் பன்னாடையும் சிரட்டையும். ஓட்டின் அடிப்பக்கம் எண்ணெய் பூசியதுபோல் கறுத்து மின்னும். ஒட்டடை கரியேறிக் கயிறு கயிறாகத் தொங்கும். அடுப்புக்கு நேர்மேலே அடுத்த பட்டத்துக்கான விதைச் சுரைக்காயும் பீர்க்கும் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கும். புகை பட்டால் விதையில் பூச்சி அண்டாது என்பது பெரியோர் கண்ட அனுபவம். அது முற்றிலும் உண்மையே. பூச்சியும் வாழ விரும்பாத அந்தக் காற்றில்தான் ஆச்சி ஐம்பது ஆண்டுகளுக்கு மேல், காலையும் மாலையும் நின்றார்கள்.

ஐப்பசி கார்த்திகை அடைமழையில் விறகு நனைந்துவிட்டால், ஊதுகுழலை வாயில் வைத்துக் குனிந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஊதுவார்கள். தீ பற்றுவதற்குள் முகமெல்லாம் நீராகும். நான் திண்ணையில் பாடம் படித்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் இருமல் நெடுநேரம் நிற்கவில்லை. உள்ளே போய், "ஆச்சி, ஏன் இப்படி இருமுதீய?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல எய்யா, இது அடுப்பு இருமல். அடுப்ப அணச்சா நின்னுரும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த விறகை உள்ளே தள்ளினார்கள். பீடியோ சுருட்டோ வாழ்நாளில் தொட்டறியாத அவர்களுடைய நெஞ்சைப் பிற்காலத்தில் சோதித்த வைத்தியர் ஒருவர், நெடுங்காலம் சுருட்டுப் பிடித்தவரின் நெஞ்சைப்போல் இருக்கிறதே என்று வியந்தார். அந்த வியப்பின் பொருளை நான் விளங்கிக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

புகையின் பிறப்பு

விறகு எரிகிறது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் கட்டை நேரே எரிவதில்லை. முதலில் அதிலுள்ள ஈரம் ஆவியாகிறது; ஈரமான விறகில் தீயின் வெப்பத்தில் ஒரு பங்கு இதற்கே செலவாகிறது. பின்னர், இருநூறு முந்நூறு டிகிரிச் சூட்டில் மரத்தின் உட்பொருள்கள் சிதைந்து வாயுக்களாக வெளிப்படுகின்றன. அவ்வாயுக்கள் போதிய காற்றோடும் போதிய வெப்பத்தோடும் கலக்குமிடத்தில்தான் சுடர் தோன்றுகிறது. நம் மண்ணடுப்பிலோ விறகு வாயை அடைத்துக்கொள்வதால் காற்று அடியில் புகுவதில்லை. சுடர் நன்கு எரிந்து முடிவதற்குள் குளிர்ந்த பானையின் அடியில் மோதித் தணிந்துவிடுகிறது. எரியாமல் தப்பிய வாயுக்களும் கரித்துகள்களும் மேலெழுந்து நம் கண்ணுக்குப் புகையாகத் தெரிகின்றன. சுருங்கச் சொன்னால், புகை என்பது எரியாமல் போன விறகு. விலை கொடுத்து வாங்கியோ, காட்டில் பொறுக்கிச் சுமந்தோ கொண்டுவந்த விறகின் ஒரு பகுதியை நாம் சமைக்காமல் சுவாசிக்கிறோம்.

அப்புகையில் இருப்பவை பல. இரத்தத்தின் செந்நிறப் பொருளோடு பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றோடு ஒட்டிக்கொள்ளும் கார்பன் மோனாக்சைடு அவற்றுள் ஒன்று. ஃபார்மால்டிஹைடு போன்ற எரிச்சலூட்டும் பொருள்கள் சில. புற்றுநோயை விளைவிக்கும் பென்சோபைரீன் முதலியவை சில. எல்லாவற்றினும் கொடியவை, 2.5 மைக்ரானுக்கும் சிறிய நுண்துகள்கள். தலைமயிரின் குறுக்களவில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கே உள்ள இத்துகள்களை மூக்கின் மயிரோ தொண்டையின் சளியோ தடுப்பதில்லை. அவை நுரையீரலின் கடைசி அறைவரை சென்று தங்குகின்றன. அவற்றுள் மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கின்றன. கண்ணில் படலம் விழுவதும், நாட்பட்ட மூச்சிரைப்பும், இருதய நோயும், பச்சிளங் குழந்தைகளின் நிமோனியாவும் இவற்றோடு தொடர்புடையவை என்று உலகெங்குமுள்ள மருத்துவர் கண்டிருக்கின்றனர். வீட்டில் நிலக்கரி எரிப்பதால் வரும் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்றும், விறகு முதலியவற்றின் புகையை அநேகமாக அவ்வாறு உண்டாக்கக்கூடியது என்றும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் வகைப்படுத்தியுள்ளது. அடுக்களைப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் அகால மரணமடைந்தனர் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. அவருள் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

கண்டவர்களும் அளந்தவர்களும்

இவ்வுண்மையை நம் நாட்டில் முதலில் கூர்ந்து கண்டவர்களுள் ஒருவர் தமிழ்க்குடியில் வந்த ஒரு பெண்மணி என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி. 1917இல் பர்மாவில் பிறந்த டாக்டர் சிவராமகிருஷ்ண ஐயர் பத்மாவதி, இந்தியாவின் முதற் பெண் இருதய மருத்துவராகத் தில்லியில் பணியாற்றியபோது, நுரையீரல் கெட்டு அதனால் இருதயத்தின் வலப்பாகம் வீங்கித் தளரும் ஒரு நோயோடு வந்த 127 நோயாளிகளை ஆராய்ந்து, 1959ஆம் ஆண்டு அமெரிக்க இருதய மருத்துவ இதழ் ஒன்றில் தம் முடிவுகளை வெளியிட்டார். புகைபிடிக்கும் பழக்கம் ஆண்களுக்கே மிகுதி. ஆனால் இந்நோயோ பெண்களிடமும் பெருவாரியாக, அதுவும் இளம் வயதிலேயே காணப்பட்டது. சுருட்டுத் தொடாத பெண்ணின் நெஞ்சு ஏன் இப்படிக் கெட்டது என்ற கேள்விக்கு அவர் கண்ட விடை, சிறு வயது முதல் அவள் முன்னே எரிந்த வரட்டியும் விறகும் என்பதே. ஊரோடு பழகிய ஓர் உண்மையை ஒரு மருத்துவர் நோய்க்குக் காரணமென்று பெயரிட்டு எழுதிய நாள் அது. நூறாண்டு கடந்து வாழ்ந்து 2020இல் மறைந்த அப்பெருமாட்டியின் பெயர் நம் பள்ளிப் பாடங்களில் இடம்பெற வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கண்டது பத்மாவதி என்றால், அளந்தது வேறு சிலர். அமெரிக்கப் பேராசிரியர் கர்க் ஸ்மித் 1980களின் தொடக்கத்தில் குஜராத்துக் கிராமங்களில், சமைக்கும் பெண்களின் மேனியிலேயே சிறு கருவியைப் பொருத்தி அவர்கள் உட்கொள்ளும் புகையை அளந்தார். அவ்வழியில் தமிழ்நாட்டில், சென்னைப் போரூரிலுள்ள ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்வி நிலையத்தின் பேராசிரியை கல்பனா பாலகிருஷ்ணனும் அவர் குழுவினரும் நான்கு மாவட்டங்களில் 412 கிராம வீடுகளைத் தேர்ந்து அளந்து, 2002ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கைக் கேளுங்கள். விறகும் சருகும் எரியும் வீட்டில், சமையல் நேரத்தில் ஒரு கன மீட்டர்க் காற்றில் சுவாசிக்கத்தக்க நுண்துகள் 500 முதல் 2000 மைக்ரோகிராம் வரை இருந்தது. இருபத்துநான்கு மணி நேரச் சராசரியாகப் பார்த்தால், சமைப்பவர் சுவாசித்தது 231. அதே வீட்டில் சமைக்காதவர் சுவாசித்தது 90. எரிவாயு முதலிய தூய எரிபொருள் உள்ள வீட்டாருக்கு 82.

இந்த மூன்று எண்களில் முதல் எண்ணைக் கண்டு நாம் திடுக்கிடுகிறோம், திடுக்கிட வேண்டியதே. ஆனால் என்னை அதிகமாகச் சிந்திக்க வைத்தது மூன்றாவது எண். தன் வீட்டில் விறகே எரிக்காத ஒருவர் ஏன் 82 மைக்ரோகிராம் சுவாசிக்க வேண்டும்? அளந்த துகளின் வகை சற்று வேறாயினும் ஒப்புநோக்கச் சொல்கிறேன்: 2.5 மைக்ரான் துகளுக்கு இந்தியா 2009இல் விதித்த ஒருநாள் வரம்பு 60. உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் விதித்தது 15. புழுதியும் வண்டிப்புகையும் அவரவர் மூச்சில் சேர்ந்திருக்கும் என்பது மெய்யே. ஆயினும் பக்கத்து வீட்டு அடுப்பும், எதிர்வீட்டு அடுப்பும், தெருவெல்லாம் எரியும் அடுப்புகளும் அந்த எண்ணில் அடங்கியிருக்கின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை. இந்தியாவில் வெளிக்காற்றின் நுண்துகளால் 2015ஆம் ஆண்டு நேர்ந்த மரணங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, அதாவது 2,67,700 மரணங்கள், வீடுகளில் விறகு, வரட்டி முதலியன எரிப்பதால் விளைந்தவை என்று ஒரு சர்வதேச ஆராய்ச்சிக் குழு 2018இல் கணக்கிட்டது. தொழிற்சாலைப் புகைக்கூண்டையும் லாரியின் பின்புறத்தையும் சுட்டிக்காட்டியே பழகிய நமது விரல், நம் புறக்கடையையும் காட்ட வேண்டியிருக்கிறது. வீட்டுப் புகை வீட்டு விஷயம் அன்று. அது ஊர் விஷயம்.

இலண்டன் தந்த பாடம்

வீட்டுப் புகை ஒரு மாநகரத்தையே மூச்சுத்திணற வைத்த வரலாறு ஒன்று உண்டு. 1952ஆம் ஆண்டு டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டன் நகரின்மேல் குளிர்ந்த காற்று அசையாது படிந்து, அதற்கு மேல் வெப்பக்காற்று ஒரு மூடிபோல் கவிந்துகொண்டது. லட்சக்கணக்கான வீடுகள் குளிர் காயக் கரி எரித்தன. நல்ல நிலக்கரி அயல்நாட்டுக்கு ஏற்றுமதியாக, கந்தகம் மிகுந்த தூள்கரியே பெரும்பாலும் குடும்பங்களுக்குக் கிடைத்த காலம் அது. மின் நிலையங்களும் வண்டிகளும் தம் பங்குக்குப் புகைந்தன. புகை ஏறிச் செல்ல வழியின்றித் தெருவிலேயே தேங்கிற்று. நாடக அரங்கினுள்ளே மூட்டம் புகுந்து இசைநாடகம் ஒன்று நடுவில் நிறுத்தப்பட்டது. கண்காட்சிக்குக் கொண்டுவந்த கொழுத்த மாடுகள் மூச்சு முட்டி மாண்டன. அந்நாட்களில் வழக்கத்துக்கு மேல் சுமார் 4000 பேர் இறந்தனர் என்று முதலில் கணித்தார்கள். பிற்கால ஆராய்ச்சி அத்தொகையைப் 12,000 வரை உயர்த்தியது.

இதில் நாம் கற்க வேண்டியது யாது? இலண்டன் வீடுகளில் புகைபோக்கி இல்லாத வீடு இல்லை. ஒவ்வொரு வீடும் தன் புகையைத் தன் கூரைக்கு மேலே ஒழுங்காக அனுப்பிவிட்டு, தன் அறையைத் தூய்மையாகவே வைத்திருந்தது. அப்படித் தூய்மையாக இருந்த வீடுகள் யாவும் சேர்ந்தே அந்த நகரத்தைக் கொன்றன. புகைபோக்கி வீட்டைக் காக்கும், ஊரைக் காக்காது.

அந்நாட்டார் செய்த பரிகாரமும் கருதத்தக்கது. 1956ஆம் ஆண்டு தூய காற்றுச் சட்டம் இயற்றி, புகை வெளிவிடக் கூடாத பகுதிகளை நகராண்மைகள் வரையறுக்க அதிகாரம் தந்தார்கள். ஆனால் தண்டனையோடு நிற்கவில்லை. பழைய கணப்பை மாற்றிப் புகையற்ற முறைக்குச் செல்லும் குடும்பத்துக்கு ஆகும் செலவில் பத்தில் ஏழு பங்கைப் பொதுநிதியிலிருந்து திருப்பித் தந்தார்கள். ஊருக்காக ஒருவன் தன் அடுப்பை மாற்றினால் அதன் செலவை ஊரும் ஏற்க வேண்டும் என்ற தர்மம் அந்தச் சட்டத்தின் உயிர். பின்னாளில் அயர்லாந்தின் டப்ளின் நகரம் 1990 செப்டம்பரில் புகை மிகுந்த நிலக்கரியின் விற்பனையை நிறுத்தியபோது, காற்றின் கரும்புகை ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. போலந்தின் கிராகோ நகரம் 2019 செப்டம்பர் முதல் கரியையும் விறகையும் வீடுகளில் எரிப்பதையே தடுத்துவிட்டது. வீட்டு அடுப்பு ஊரவையின் பொறுப்புக்கு உட்பட்டது என்பதை இந்நகரங்கள் ஒப்புக்கொண்டன.

புகையில்லா அடுப்பின் கதை

நம் நாட்டிலும் இதற்காகப் பாடுபட்டவர்கள் உண்டு. தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா காந்தியடிகளின் பணியில் கிராமக் கைத்தொழில்களை வளர்த்த வார்தா மகன்வாடியில், புகைபோக்கியுள்ள மண்ணடுப்பு ஒன்று 1940களிலேயே உருவாயிற்று. ஐதராபாத்துப் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ். பி. ராஜு தாம் அமைத்த புகையில்லா அடுப்பைப் பற்றி 1953இல் சென்னையில் ஒரு சிறு நூலே வெளியிட்டார். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் ஊரகத் தொழில்நுட்பத்துக்கென்று நிறுவிய பிரிவு, குறைந்த விறகில் எரியும் அடுப்பு ஒன்றை அமைத்தது. 1983இல் தொடங்கி 2002வரை மத்திய அரசின் தேசியத் திட்டம் கோடிக்கணக்கான சீர்திருத்த அடுப்புகளை நாடெங்கும் பரப்பிற்று.

இவ்வளவும் ஏன் நிலைக்கவில்லை? ஒடிசாவில் எஸ்தர் டுஃப்ளோ முதலிய பொருளியல் அறிஞர் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆராய்ச்சி இதற்கு விடை சொல்கிறது. புதிய அடுப்பு வைத்த முதலாண்டில் சமைப்பவர் உட்கொண்ட புகை குறைந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் அப்பயன் மறைந்துபோயிற்று. வெடித்த மண்ணைப் பூசுவாரில்லை; அடைத்த குழாயைச் சுத்தம் செய்வாரில்லை; வேலை மிகுந்த வீட்டில் பழைய அடுப்பே கைக்கு எளிதாயிற்று. அடுப்பைக் கொடுப்பது ஒரு நாள் காரியம். அடுப்பைப் பேணுவது ஆயிரம் நாள் காரியம் என்பதை இத்தகைய திட்டங்கள் கணக்கில் கொள்ளவில்லை. அப்படியே பேணினாலும், இலண்டன் பாடம் இங்கும் பொருந்தும்: புகை அடுக்களையை விட்டுத் தெருவுக்குப் போகும், அவ்வளவே.

எரிவாயு வந்த பின்

தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டு ஏழைக் குடும்பங்களுக்கு விலையில்லா எரிவாயு இணைப்பும் அடுப்பும் வழங்கும் திட்டம் தொடங்கிற்று. மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே முதல் நாள் உத்தரப்பிரதேசத்துப் பல்லியாவில் தொடங்கி, மூன்றரை ஆண்டுக்குள் எட்டுக் கோடி இணைப்புகளை எட்டியது. இவை சாமானியமான சாதனைகள் அல்ல. இன்று தமிழ்நாட்டில் பத்தில் எட்டு வீடுகளாவது சமையலுக்கு முதன்மையாகத் தூய எரிபொருளையே கொள்கின்றன. என் ஆச்சி கண்டிராத நன்மையை என் மகள் கண்டிருக்கிறாள்; அதற்கு நாம் நன்றியுடையவர்களாக இருக்க வேண்டும்.

ஆனால் இணைப்பு வேறு, எரிப்பு வேறு. இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் 2019ஆம் ஆண்டு அறிக்கையின்படி, உஜ்வலா பயனாளிகள் ஆண்டொன்றுக்குச் சராசரியாக மீண்டும் நிரப்பி வாங்கிய எரிவாயு உருளை 3.21 மட்டுமே. நான்கைந்து பேர் உள்ள வீட்டில் முழுச் சமையலும் எரிவாயுவிலேயே நடந்தால் ஆண்டுக்கு ஏழெட்டு உருளையாவது செல்லும் என்பதை இல்லத்தரசிகள் அறிவார்கள். எஞ்சிய சமையல் எங்கே நடக்கிறது? பழைய அடுப்பில். 2022 மே மாதம் அப்பயனாளிகளுக்கு உருளைக்கு 200 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டதும், 2023 அக்டோபரில் அது 300 ஆனதும், இவ்வுண்மையை அரசும் உணர்ந்ததன் அடையாளம்.

இன்னொரு சான்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தியா, கௌதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளில் 3200 கர்ப்பிணிகளைக் கொண்டு ஒரு பெரும் சோதனை நடந்தது. இந்தியாவில் அது நடந்த இடங்கள் நம் விழுப்புரமும் நாகப்பட்டினமும். ஒரு பாதியாருக்கு எரிவாயு வீடுதேடி இலவசமாக வந்தது. மறுபாதியார் விறகில் சமைத்தனர். முதல் சாராரின் நுண்துகள் சுவாசம் 24 மைக்ரோகிராம் அளவுக்கு இறங்கிற்று. மற்றவரது 70 அளவில் நின்றது. ஆயினும் பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை என்று 2022இல் வெளியான முடிவு கூறிற்று. இதைக் கொண்டு எரிவாயுவால் பயனில்லை என்று சொல்வது தவறு. புகை மூன்றில் ஒன்றாகக் குறைந்தது பிரத்தியட்சம். கர்ப்பம் தரித்துச் சில வாரங்கள் கழித்தே அடுப்பு மாறியதும், குறைந்த அந்த அளவும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரம்புக்கு மேலேயே இருந்ததும் நினைவிற் கொள்ளத்தக்கவை. ஒரு வீட்டின் அடுப்பை மட்டும், சில மாதங்களுக்கு மட்டும் மாற்றுவது போதாது. தெருவே மாற வேண்டும், நெடுங்காலத்துக்கு மாற வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

புறக்கடையில் எரிவது

நிற்க. இனி நம் ஊருக்கு வருவோம். அண்மையில் இங்கே பாய் முடையும் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். பட்டுப்போல் மடியும் பாய்க்காகக் கோரையைக் கீறி, நீரில் ஊறவைத்து, உலர்த்தி எடுத்திருந்தார்கள். புறக்கடையில் மூன்று கல் கூட்டிய அடுப்பின்மேல் சாயக் கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. கோரைக் கட்டுகளைச் சிவப்புச் சாயத்தில் அமிழ்த்திக் கோலால் புரட்டிக்கொண்டிருந்த அம்மையார், புகை முகத்துக்கு வரும்போதெல்லாம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பினார். பக்கத்திலே குளியலுக்கு வெந்நீர்த் தவலை ஏறிய இன்னோர் அடுப்பு. தீ மூட்ட ஒரு பிளாஸ்டிக் பை கருகிச் சுருண்டு கிடந்தது. உள்ளே அடுக்களையை எட்டிப் பார்த்தேன். மேடைமேல் எரிவாயு அடுப்பு துடைத்து வைத்தபடி இருந்தது.

"கேஸ் இருக்கே அம்மா, பிறகு ஏன் இந்தப் புகையில் நிற்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"சோறு, கொழம்பு, டீ எல்லாம் கேஸ்லதான் ஐயா. சாயத்தையும் வெந்நியையும் அதுல வச்சா மாசம் முடியுமுன்னே சிலிண்டர் தீந்துரும். வெறகு காட்டுல கெடக்கு, சிலிண்டருக்குக் காசுல்லா வேணும்" என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க என்னால் இயலவில்லை.

இதைத்தான் நான் இரண்டாம் அடுப்பு என்கிறேன். முதல் அடுப்பு மேடையில் நீலச்சுடரோடு எரிகிறது; அரசாங்கத்தின் கணக்கில் அவ்வீடு புகையற்ற வீடு. இரண்டாம் அடுப்போ புறக்கடையில், கணக்கில் ஏறாமல் எரிகிறது: குளிக்க வெந்நீருக்கு, நெல் அவிக்க, கோரைக்குச் சாயம் காய்ச்ச, விசேஷ நாளில் பெரிய பானை ஏற்ற. பாளையங்கோட்டையிலும் மேலப்பாளையத்திலும் நெருங்கிய வீடுகளின் பின்கட்டுகளில் விடியற்காலை எழும் புகையைப் பாருங்கள். மார்கழியில், இரவின் குளிர்ந்த காற்று தரையோடு படிந்திருக்கும் வேளையில், இலண்டனில் கவிந்த அதே மூடியின் சிறு வடிவம் ஆற்றோரத்து வயல்களின்மேல் வெண்திரையாகத் தங்கி நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதைப் பனி என்று சொல்லி மகிழ்கிறோம்; அதில் நம் வெந்நீர்ப் புகையும் கலந்திருக்கிறது. நம் அண்டை நகராகிய தூத்துக்குடி, 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் காற்று மாசுபட்ட நகரங்களின் பட்டியலில் இடம்பெற்றது. அப்பட்டியல் நம்மை நோக்கி நீளுமுன் நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தைத்திங்கள் முதல் நாளில் வாசலில் அடுப்புக்கட்டி வைத்து, பனையோலையை எரித்துப் பொங்கலிடும் நம் வழக்கத்தை நான் குறைகூறவில்லை. ஆண்டுக்கு ஒரு நாள் சூரியனுக்கு முன் எரியும் அந்தத் தீ நம் பண்பாட்டின் தீ. நான் பேசுவது ஆண்டின் மற்ற நாட்களில், வேறு வழியில்லாமையால் ஒரு பெண் குனிந்து ஊதும் தீயைப் பற்றி.

செய்யத்தக்கவை

செய்யத்தக்கவை பெரும் ஆராய்ச்சிக்குக் காத்திருப்பவை அல்ல. முதலாவது, கணக்கு. எத்தனை வீட்டில் எரிவாயு இணைப்பு உண்டு என்று எண்ணுவதோடு நில்லாமல், எத்தனை வீட்டில் இரண்டாம் அடுப்பு எரிகிறது, எதற்காக எரிகிறது என்று பேரூராட்சியும் பள்ளி மாணவரும் தெருத்தெருவாக எண்ண வேண்டும். எண்ணப்படாத துன்பத்துக்கு எந்தத் திட்டமும் வராது.

இரண்டாவது, வெந்நீர். ஆண்டின் பெரும்பாலான நாட்களில் வெயில் கொளுத்தும் இந்தப் பள்ளத்தாக்கில், தண்ணீரைச் சுடவைக்க மரத்தை எரிப்பது அறிவுக்குப் பொருந்தாத செலவு. மொட்டைமாடியில் சூரிய வெந்நீர்க் கலன் வைக்க வசதியுள்ளோர் உடனே வைக்கலாம். வசதியில்லாத நாலைந்து வீடுகள் கூடி ஒன்றை வைக்கலாம். அதுவும் இயலாத வீட்டில் கறுப்பு நிறம் பூசிய ஒரு தகரப் பீப்பாய் மாடி வெயிலில் நின்றாலும் மாலைக் குளியலுக்கு வெதுவெதுப்பான நீர் கிடைக்கும். வீட்டு மின்சாரத்தில் இரு மாதத்துக்கு முதல் 100 அலகு கட்டணமில்லாத இம்மாநிலத்தில், அதில் ஒரு பங்கை விடியற்கால வெந்நீருக்கு ஒதுக்க இயலுமா என்று ஒவ்வொரு குடும்பமும் கணக்குப் பார்க்கலாம்.

மூன்றாவது, சாயம். பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைக் கொண்டாடுகிறோம். அந்தப் பாயைக் காணும் அயலார் அதன் மென்மையைத் தடவிப் பார்க்கிறார்கள். அதன் நிறத்துக்காகக் கொப்பரை முன் நின்றவரின் மூச்சை யாரும் தடவிப் பார்ப்பதில்லை. வீட்டுக்கு வீடு மூன்று கல் கூட்டுவதற்குப் பதிலாக, கூட்டுறவில் ஒரு பொதுச் சாயக்கூடம் அமைத்து, அங்கே எரிவாயுவையோ நன்கு காற்றூட்டிய கொதிகலனையோ வைத்தால், ஐம்பது புறக்கடைகளின் புகை ஒரே நாளில் ஓயும். அதன் செலவை ஒரு பாயின் விலையில் சில ரூபாயாகக் கூட்டினால், வாங்குவோர் மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

நான்காவது, உருளையின் விலை. இலண்டனில் பத்தில் ஏழு பங்கு ஏற்ற அந்தத் தர்மத்தை இங்கே அரசுகள் ஏற்க வேண்டும். குடிநீரைப்போல் சுவாசக் காற்றும் பொதுச்சொத்து என்றால், ஏழைப் பெண் விறகை விட்டு எரிவாயுவுக்கு வருவது அவளுடைய சௌகரியத்துக்காக மட்டும் அன்று. அவள் தெருவிலுள்ள எல்லோருடைய நெஞ்சுக்காகவும்தான். அந்த உபகாரத்தின் செலவை அவள் தலையில் மட்டும் சுமத்துவது அநீதி.

ஐந்தாவது, ஆண்மக்களுக்கு ஒரு சொல். அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட சமூகம் இது. பெண்கள் படித்துவிட்டார்கள், அடுப்பூதுவது மட்டும் முற்றிலும் ஒழியவில்லை. செல்பேசிக்கும் வண்டிக்கும் தயங்காமல் செலவிடும் நாம், உருளை ஒருவாரம் முன்னதாகத் தீர்ந்தால் முகம் சுளிக்கிறோம். அந்தச் சுளிப்புக்கு அஞ்சியே பல வீடுகளில் இரண்டாம் அடுப்பு எரிகிறது.

அன்பர்களே, நாளை விடியற்காலை உங்கள் வீட்டுப் புறக்கடைக்குச் சென்று, வெந்நீர் அடுப்பு எரியுமானால் அதன் அருகே, அதை எரிப்பவர் நிற்கும் இடத்திலேயே, தண்ணீர் கொதிக்கும்வரை நின்று பாருங்கள். நான் இங்கே ஒரு மணி நேரம் சொன்னதை அந்த அரை மணி நேரம் உங்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிடும். என் ஆச்சி தம் நோய்க்குக் காரணத்தையும் அறிந்திருந்தார்கள், மருந்தையும் அறிந்திருந்தார்கள். அடுப்பை அணைத்தால் நின்றுவிடும் என்று ஒரு சிறுவனிடம் சொல்லவும் சொன்னார்கள். அணைப்பதற்கு அவர்களுக்கு வழியில்லாதிருந்தது. இன்று வழி உண்டு. இவ்வறக்கட்டளை யார் நினைவில் எழுந்ததோ அந்த அன்னைக்கும், நம் அன்னையர் அனைவருக்கும் நாம் செய்யும் கைம்மாறாக, இவ்வூரின் இரண்டாம் அடுப்புகளை நாம் ஒவ்வொன்றாக அணைப்போமாக.